நிலை கோணினால் கதவு என்ன செய்யும்?

தொப்பூர் கணவாயில் இறங்கி ஓமலூரை நோக்கி வருகிறது ஒரு சின்னக் கார். கார் நிறையக் குடும்பம். முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காரும் நிற்கிறது. பின்னால் வந்த வேன்காரர் பிரேக்கை மிதிக்கிறார். ஆனால் ஒரு நொடி தாமதம்.

"டப்!"

யாருக்கும் காயமில்லை. குழந்தை மட்டும் பயந்து அழுகிறது. எல்லோரும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கிறார்கள். பம்பரில் ஒரு கீறல். டிக்கிக் கதவு ஒரு பக்கம் சற்றே தூக்கிக் கொண்டு நிற்கிறது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, தெரியாம நடந்து போச்சு" என்கிறார் வேன்காரர். சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிறார். கார்க்காரர் கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். இரண்டாவது தட்டில் மூடிக் கொள்கிறது.

"அதான் மூடுதே! விடுங்க, போகலாம்."

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அன்று. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் எந்த நாளும் நடக்கக்கூடிய சம்பவம். ஓமலூர் அப்படிப்பட்ட ஊர்தான். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியாகத்தான் செல்கிறது. முன்பு அதற்கு 7-ம் எண். மேட்டூருக்கும் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இங்கே வழி பிரிகிறது. ரயிலும் இங்கேதான் மேட்டூர் அணைக்குக் கிளை பிரிகிறது. வழி பிரியும் இடத்தில் வண்டிகள் நெருங்கும். வண்டிகள் நெருங்கினால் உரசலும் இடியும் வரும். அதில் வியப்பில்லை.

வியப்பெல்லாம் அந்த "மூடுதே!" என்ற சொல்லில்தான் இருக்கிறது. கதவு மூடுவது வேறு, பொருந்துவது வேறு. இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்வதால் பணம் போகிறது, காரின் ஆயுள் போகிறது; சில வேளைகளில் உயிருக்கும் உலை வருகிறது.

பெட்டி போய் அறை வந்தது

"டிக்கி" என்ற சொல் இங்கிலாந்திலிருந்து வந்தது. பழைய குதிரை வண்டிகளிலும், பிறகு முதல்காலக் கார்களிலும் பின்புறத்தில் ஓர் உபரி ஆசனம் இருக்கும். அதற்கு அந்தப் பெயர். ஆசனம் போய்விட்டது, பெயர் மட்டும் சாமான் வைக்கும் இடத்துக்கு ஒட்டிக் கொண்டது.

நம் நாட்டில் 1957-ல் வந்த அம்பாசடர் கார் 2014 வரை உற்பத்தியாயிற்று. அதன் டிக்கி ஒரு பெட்டி. ஆட்கள் உட்காரும் இடம் முன்னால், பெட்டி பின்னால். இடையில் பின் ஆசனம் மறைத்து நின்றது. பெட்டியின் மூடி கொஞ்சம் கோணினால் மழைத் தண்ணீர் உள்ளே போகும், மூட்டை நனையும். அத்துடன் சரி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகு வீதியெங்கும் சின்னக் கார்கள். அவற்றைத் தொடர்ந்து ஏழு பேர், எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டிகள். இவற்றுக்குப் பெரும்பாலும் தனிப் பெட்டி கிடையாது. கண்ணாடியோடு சேர்ந்த ஒரே பெரிய கதவு, கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கிறது. திறந்தால் ஆட்கள் உட்காரும் அறையே தெரிகிறது.

ஆகவே, டிக்கிக் கதவு இன்று பெட்டிக்கு மூடியல்ல, வீட்டுக்குச் சுவர். மூடி கோணுவதும் சுவர் விரிவதும் ஒன்றல்ல. இதை இன்னும் பலர் உணரவில்லை. கார் மாறிவிட்டது; மனம் இன்னும் அம்பாசடர் காலத்திலேயே இருக்கிறது.

புழுதி சொல்லும் பாடம்

மண் சாலையில் பஸ் போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பஸ்ஸின் முன்புறம் சுத்தமாக இருக்கும். பின்புறம் புழுதி அப்பிக் கிடக்கும். ஏன்? வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைகிறது. பின்னால் கிளம்பிய புழுதி சுழன்று திரும்பி வந்து முதுகிலேயே ஒட்டுகிறது. சின்னக் கார்களின் பின் கண்ணாடிக்குத் தனி வைப்பர் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

புழுதி திரும்பி வருகிறதென்றால், புகைக் குழாயிலிருந்து வெளியேறும் புகையும் திரும்பி வரும். பின் கதவு இறுக மூடியிருந்தால் அது வெளியே சுழன்று கலைந்து போகும். கதவுக்கும் உடலுக்கும் இடையே சந்து இருந்தால் உள்ளே நுழையும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருளோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாக அது ஒட்டிக் கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகிறது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். அளவு மிஞ்சினால் மரணம்.

பின் ஆசனத்தில் இருக்கும் குழந்தை "தலையை வலிக்குது அம்மா" என்றால், தாய் என்ன நினைப்பாள்? வெயில் என்பாள். பிரயாண அலுப்பு என்பாள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பாள். டிக்கிக் கதவின் மேல் சந்தேகம் வருமா? வராது.

இதைப் படித்துவிட்டு யாரும் பீதி கொள்ள வேண்டாம். கோணின கதவு உள்ள எல்லாக் கார்களிலும் விஷவாயு நிரம்பிவிடும் என்பதல்ல இதன் பொருள். புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் புகையின் நச்சு இன்னும் குறைந்திருக்கிறது. டீசல் எஞ்சினில் இந்த வாயு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. ஆனால் பழைய கார், ஓட்டை விழுந்த புகைக் குழாய், கோணின கதவு, மூடிய கண்ணாடிகள் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து ஆபத்துதான். சாமான் அதிகம் என்று டிக்கிக் கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டிக் கொண்டு ஓட்டுகிறவர்கள் இதை இருமுறை படிப்பது நல்லது.

அமெரிக்காவில் ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் போர்டு எக்ஸ்புளோரர் என்ற பெரிய கார் உண்டு. காருக்குள் புகை நாற்றம் வருவதாகப் பலர் புகார் செய்தார்கள். போலீஸ்காரர்கள் ஓட்டும் கார்களிலும் அதே புகார். அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 2016-ல் விசாரணை தொடங்கியது. மறு ஆண்டு கம்பெனியே முன்வந்து, காரின் பின்பகுதியில் சந்துகளை அடைத்துக் கொடுக்கும் வேலையை இலவசமாகச் செய்தது. 2023-ல் விசாரணை முடிந்தது.

முடிவு என்ன? பொதுவாக அந்தக் கார்களில் வாயுவின் அளவு ஆபத்தான எல்லையைத் தொடவில்லை. ஆனால் விலக்காக நின்றவை இருவகைக் கார்கள். ஒன்று, விளக்கும் கருவிகளும் பொருத்துவதற்காகத் துளை போட்டுச் சரியாக அடைக்காத போலீஸ் கார்கள். மற்றொன்று, பின்னால் இடிபட்ட கார்கள்.

பின்னால் இடிபட்ட கார்கள்! தொப்பூரில் "அதான் மூடுதே" என்று சொன்னவர் கவனிக்க வேண்டிய செய்தி இது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சந்து இல்லாத கார்கூட, இடிபட்ட பிறகு சந்து உள்ள காராகிவிடுகிறது. அதை மறுபடி சந்து இல்லாத காராக்குவதற்குப் பெயர்தான் ரிப்பேர். கீறலை மறைப்பதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல.

ஐந்து ரூபாய் செலவில்லாத சோதனை

கதவு பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க எந்திரம் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதம் போதும்.

கதவுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவில் காகிதத்தை வைத்துக் கதவை மூட வேண்டும். பிறகு காகிதத்தை இழுக்க வேண்டும். இறுகப் பிடித்தால் அந்த இடம் சரி. வழுக்கிக் கொண்டு வந்தால் அங்கே சந்து இருக்கிறது. மேலே, கீழே, இருபுறமும் இப்படிச் சுற்றிவரப் பார்க்கலாம்.

இன்னொரு வழி: ரப்பரின் மேல் சாக்குக் கட்டித் தூளைத் தடவிக் கதவை மூடித் திறந்தால், கதவின் உட்புறத்தில் கோடு விழும். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே கதவு ரப்பரைத் தொடவில்லை.

இரவில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கொண்டு, மற்றொருவர் வெளியே டார்ச் விளக்கைச் சந்து ஓரமாக நகர்த்தினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒளி நுழையும் இடத்தில் புகையும் நுழையும், மழையும் நுழையும்.

மழையைச் சொன்னதால் இன்னொன்று. ஸ்டெப்னிச் சக்கரம் வைத்திருக்கும் பள்ளத்தைப் பலர் வருஷத்துக்கு ஒரு முறைகூடத் திறந்து பார்ப்பதில்லை. கோணின கதவு வழியாக வந்த தண்ணீர் அங்கேதான் போய்த் தங்கும். தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. ஒருநாள் சக்கரத்தை எடுக்கும்போது தகடும் கையோடு வரும்.

நிலையா, கதவா?

சரி, கதவு கோணியிருக்கிறது. பட்டறைக்குப் போகிறார் கார்க்காரர். "மேஸ்திரி, கொஞ்சம் தட்டி நேர் பண்ணிக் குடுங்க. சாயங்காலம் வேணும்" என்கிறார்.

இங்கேதான் நல்ல மேஸ்திரியும் அவசர மேஸ்திரியும் பிரிகிறார்கள்.

அவசர மேஸ்திரி உடனே சுத்தியலை எடுக்கிறார். நல்ல மேஸ்திரி நாடாவை எடுக்கிறார்.

"கதவு கோணலா, இல்லே கதவு உக்கார்ற நிலை கோணலான்னு முதல்ல பாக்கணுங்க" என்கிறார்.

வீடு கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆசாரி வந்து கதவை எத்தனை இழைத்தாலும், நிலை சாய்ந்திருந்தால் கதவு பொருந்தாது. ஒரு பக்கம் இழைத்தால் மறுபக்கம் சந்து விடும். ஆகவே ஆசாரி முதலில் நிலையின் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்ப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் நிலை சரி.

காருக்கும் அதே கணக்கு. கதவைத் திறந்து வைத்து, வாசலின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஓர் அளவு; வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு மற்றோர் அளவு. இரண்டும் ஒத்திருந்தால் உடல் தப்பியது. குற்றம் கீலிலோ, பூட்டிலோ, கதவிலோதான். அவற்றைச் சரிசெய்வது எளிது. அளவுகள் மாறினால் உடலே கோணியிருக்கிறது. பிறகு கீலை எத்தனை திருகினாலும் பயனில்லை.

பம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்றைய பம்பர் பிளாஸ்டிக். இடிபட்டால் உள்ளே போகும். அடுத்த நொடி பழையபடி வெளியே வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் அப்படி வராது. வளைந்தது வளைந்ததுதான். ஆகவே சாலையோரத்தில் நின்று கொண்டு, "ஒரு கீறல்தானே" என்று பேசி முடிக்கும் பஞ்சாயத்து குருட்டுப் பஞ்சாயத்து. பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் நஷ்டம் எவ்வளவு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

வரிசை தப்பினால் வேலை கெடும்

உடல் சரியாக இருக்கிறது, கதவு மட்டும் நகர்ந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு.

கீழே கதவின் பூட்டு வந்து கவ்விக் கொள்ளும் கொக்கி ஒன்று உடலில் இருக்கிறது. முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏனென்றால் அந்தக் கொக்கி கதவைத் தன் பக்கம் இழுத்து, உண்மையான கோணலை மறைத்துவிடும். கொக்கி இல்லாமல் கதவைத் தொங்கவிட்டால்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

அடுத்தது மேலே உள்ள கீல்கள். போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் கொள்ள வேண்டும். பழைய இடம் தெரியாமல் புதிய இடம் தேட முடியாது. போல்ட்டை முழுதும் கழற்றாமல், கை அழுத்தத்துக்கு நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். இடது பக்கச் சந்து 4 மில்லி மீட்டர், வலது பக்கம் 8 என்றால், 2 மில்லி மீட்டர் நகர்ந்தால் போதும்; இரண்டும் 6 ஆகிவிடும். ஆத்திரப்பட்டு நாலு நகர்த்தினால் கோணல் இடம் மாறிக்கொள்ளும். அவ்வளவுதான்.

கீல் சரியான பிறகே கொக்கியைத் திரும்பப் பூட்ட வேண்டும். அது பூட்டின் வாய்க்கு நேர் நடுவில் அமைய வேண்டும். மூடும்போது கதவு பக்கவாட்டில் துள்ளினால் கொக்கி இன்னும் நடுவில் இல்லை என்று அர்த்தம். கொக்கி வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தக் கூடாது. புதிது போட வேண்டும். ஓடும் வண்டியில் கதவைப் பிடித்துக் கொண்டிருப்பது அது ஒன்றுதான். கடைசியாக, இருபுறமும் கதவைத் தாங்கும் சிறு ரப்பர் குமிழ்களைச் சரி செய்ய வேண்டும்.

கவனம் ஒன்று. கதவைத் தூக்கி நிறுத்தும் இரண்டு குழாய்களுக்குள் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நெருப்புக் காட்டுவதும், துளை போடுவதும் வெடியோடு விளையாடுவதாகும். கீலைத் தளர்த்தும்போது கதவைப் பிடித்துக் கொள்ள இன்னோர் ஆள் கட்டாயம் வேண்டும். கண்ணாடியோடு சேர்ந்த அந்தக் கதவு தலையில் இறங்கினால் கார் ரிப்பேரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

உடலே கோணியிருந்தால் கதை வேறு. அதை இழுத்து நேராக்க முறையான சட்டமும் இழுவை எந்திரமும் வேண்டும். சில இடங்களில் மரத்திலோ கம்பத்திலோ சங்கிலியைக் கட்டி, வண்டியை ஓட்டி இழுக்கிறார்கள். இடித்த வேன் செய்ததையே எதிர்த்திசையில் செய்வதுதான் இது! வேண்டிய இடம் நிமிர்கிறதோ இல்லையோ, வேண்டாத இடம் வளையும். இன்றைய கார்களில் பல பாகங்கள் உயர்வலு எஃகு. அதைப் பழுக்கக் காய்ச்சினால் வலு போய்விடும். பார்வைக்கு மட்டும் இரும்பாக இருக்கும். மின்சார வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றாவிட்டால் மின்கருவிகள் பழுதாகக்கூடும். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் பின்னால் நகரும்போது எச்சரிக்கும் கருவியும் கட்டாயம். அது பம்பரில்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் அது பழையபடி பேசுகிறதா என்று பார்த்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கணக்கு

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, போட்டால் போகிறது" என்பார் ஒருவர். "இன்ஷூரன்ஸா, வேண்டவே வேண்டாம்" என்பார் மற்றொருவர். இருவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஐந்து ஆண்டுகள் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. ஒரு முறை கேட்டால் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

உதாரணத்துக்கு, தள்ளுபடி இல்லாத பிரீமியம் 8,000 ரூபாய் என்று கொள்வோம். 50 சதவீதம் போக அவர் கட்டுவது 4,000. நஷ்ட ஈடு கேட்ட மறு ஆண்டு 8,000 கட்ட வேண்டும், 4,000 அதிகம். அடுத்த ஆண்டு 6,400, 2,400 அதிகம். பிறகு முறையே 2,000, 1,200, 400 அதிகம். ஆக, ஐந்து ஆண்டுகளில் இழப்பது 10,000 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மையில் சற்றுக் குறையலாம். கணக்கின் போக்கு இதுதான்.

வருகிற பணமோ முழுதாக வராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டு பத்து வயதுக்குட்பட்ட காரானால் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. அதற்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் சொந்தக்காரர் பொறுப்பு. இந்தக் கழிவுகளையும் தள்ளுபடி இழப்பையும் தடுக்கும் கூடுதல் பாலிசிகள் உண்டு. எடுத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆகவே கீலையும் கொக்கியையும் சரிசெய்வதோடு முடிகிற வேலையானால் கைப்பணத்தில் செய்வது லாபம். உடல் கோணியிருந்தால் தயங்காமல் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் எதையும் கழற்றவோ தட்டவோ கூடாது. இரண்டில் எது என்று சொல்லப் போவது அந்த நாடாதான். அளக்காமல் முடிவு செய்பவர் இரண்டு விதத்திலும் நஷ்டப்படுவார்.

பட்டி மூடிய பொய்

இதுவரை சொன்னது தொழில். இனி தர்மம்.

கோணினதை நேராக்காமல், பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கார் புதிதுபோல் இருக்கும். அப்படியே சந்தையில் விற்றும் விடலாம். வாங்குகிறவர் யார்? முதல் முதலாகக் கார் வாங்கும் ஆசிரியராக இருக்கலாம். மகளைக் காலேஜில் விட்டு வர ஆசைப்படும் விவசாயியாக இருக்கலாம். அவருடைய குழந்தைதான் பின் ஆசனத்தில் உட்காரப் போகிறது. இடித்த வேன்காரராவது இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். மறைத்து விற்றவர் கேட்பாரா?

பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயரை உதைக்கிறார்கள். டிக்கியைத் திறந்து இருபுறச் சந்தையும் ஒப்பிட்டு, ஸ்டெப்னிப் பள்ளத்தின் தகட்டில் சுருக்கமும் புது வெல்டிங்கும் இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? காரின் பூர்வோத்தரம் அந்தப் பள்ளத்தில் எழுதியிருக்கிறது.

பழியைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமல்ல. "சாயங்காலம் வேணும், செலவு ஆகக் கூடாது, பார்க்க நன்றாயிருக்க வேணும்" என்று கேட்பவர் கார்க்காரர். அளந்து, கழற்றி, மறுபடி பூட்டும் மேஸ்திரிக்கு இரண்டு நாள் ஆகும். அவர் கேட்கும் கூலியைப் பார்த்து, "அடுத்த கடையில் பாதிதான்" என்று கிளம்பிவிடுகிறார்கள். நேர்மைக்குக் கூலி கொடுக்காத ஊரில் நேர்மை எத்தனை நாள் கடை திறந்து வைத்திருக்கும்?

அளவு யாருக்குச் சொந்தம்?

மற்றொரு நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் எந்த மூலைக்கு எந்த மூலை எவ்வளவு என்ற அளவுப் பட்டியல் கம்பெனியிடம் உண்டு. அது கம்பெனியின் பெரிய பட்டறைக்குப் போகிறது. ஓமலூரில் சாலையோரத்தில் ஓலைப் பந்தலின் கீழ் வேலை செய்பவருக்கு அது கிடைப்பது அரிது. அவர் கண்ணளவில் செய்கிறார். பிறகு "ரோட்டோரக் கடைக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று ஏளனம் வேறு!

இது வெறும் முணுமுணுப்பு அல்ல. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று சொல்லி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் எழுந்த கேள்வி நியாயமானது: காசு கொடுத்துக் கார் வாங்கியவன், தனக்கு நம்பிக்கையான இடத்தில் ரிப்பேர் செய்து கொள்ளக் கூடாதா? 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் மோட்டார் வண்டிகளும் சேர்க்கப்பட்டன. நல்ல தொடக்கம். அந்த விவரங்கள் தமிழிலும், சாலையோர மேஸ்திரியின் கைபேசியிலும் வந்து சேரும் நாளே அது முழுமையாகும்.

பயிற்சிக்கும் வழியில்லாமல் இல்லை. ஐ.டி.ஐ. படிப்புகளில் கார் உடல் ரிப்பேருக்கென்றும் பெயின்டிங்குக்கென்றும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பட்டறைக்காரர் தம் மகனை, "நம்ம தொழில் நம்மோடு போகட்டும்" என்று வேறு படிப்புக்கு அனுப்புகிறார். அதே தொழிலை அளவோடும் சான்றிதழோடும் கற்க அனுப்பினால் என்ன? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குக் கூடு கட்டும் தொழிலால் பெயர் பெற்ற வட்டாரம் இது. ஓமலூருக்குப் பக்கத்திலேயே, கல்லை மெழுகாக்கிய தாரமங்கலம் கோயில் நிற்கிறது. கை நுட்பத்துக்கு இந்த மண்ணில் என்றும் பஞ்சம் வந்ததில்லை. பஞ்சமெல்லாம் அளவுக்கும் மதிப்புக்கும்தான்.

செய்ய வேண்டியது

பின்னால் இடிபட்ட எந்தக் காரையும், எவ்வளவு சிறிய இடியானாலும், பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. குறுக்களவு எடுத்துக் குறித்துக் கொடுக்காத பட்டறைக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அளந்து செய்யும் மேஸ்திரியிடம் பேரம் பேசக் கூடாது. அது சரியாகும்வரை, நெடும்பயணத்தில் கண்ணாடிகளை இறக்கி வைத்துக் கொள்ள வேண்டும்; டிக்கிப் பக்கம் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது. விற்கும்போது இடிபட்டதை மறைக்கக் கூடாது.

இவற்றில் எதற்கும் பெரிய சட்டம் தேவையில்லை. ஒரு நாடா, ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் மனச்சாட்சி போதும்.

தொப்பூரில் "அதான் மூடுதே!" என்று கிளம்பினாரே, அவர் ஓமலூர் வந்து சேர்ந்ததும் டீக்கடையில் நிறுத்துவார். டீ வரும்வரை கையில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு இருக்கும். அதைக் கிழித்து, டிக்கிக் கதவின் சந்தில் வைத்து மூடி, ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.

வழுக்கிக் கொண்டு வந்தால், வீட்டுக்குப் போகுமுன் பட்டறைக்குப் போகட்டும்.